டாக்காவில் ஓர் ஆசிரியர்

சென்ற ஆண்டு விடுமுறைக் காலத்தில் ஒரு நாள் எமது பழைய மாணவியொருத்தி பாடசாலைக்கு வந்திருந்தாள். வன்னியின் உட்கிராமமொன்றில் அமைந்த எமது பாடசாலையிலிருந்து விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவான முதற் பெண் அவள். தந்தையார் பிறர் வயலிற் கூலிக்கு உழைப்பவர். அவள் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட அன்று அயலவர் பலர் பஸ் தரிப்புவரை வந்து வழியனுப்பினார்கள். அதிபர் ஒரு பேனையும், நாம் ஓர் ஆங்கில - தமிழ் அகராதியும் கொடுத்தனுப்பினோம். பேனை எழுதித் தீர்ந்துவிட்டதாம். அகராதிதான் கைகொடுக்கவில்லை.

"சேர், நான் திரும்பிப் போறேல்லை எண்டு யோசிக்கிறன்" என்றாள்.

"ஏன் பிள்ளை, பாடம் விளங்கேல்லையோ?"

"விளங்காதெண்டில்லை சேர். விரிவுரையாளர் பலகையிலை சமன்பாடு எழுதேக்கை எல்லாம் விளங்குது. அவர் வாயைத் திறந்தாப் பிறகுதான் ஒண்டும் விளங்குதில்லை."

நாம் சிரித்துவிட்டோம். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக இன்றும் நாணுகிறோம்.

எமது நாட்டில் விஞ்ஞானக் கல்வி எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கிராமத்துப் பிள்ளை க.பொ.த. உயர்தரம் வரை பௌதிகவியலையும் இரசாயனவியலையும் தாய்மொழியிற் கற்கிறாள், தாய்மொழியிற் சிந்திக்கிறாள், தாய்மொழியிற் பரீட்சை எழுதித் தேறுகிறாள். பல்கலைக்கழக வாயிலைத் தாண்டியதும் அவளுடைய சிந்தனைக்கு வேறொரு மொழி விதிக்கப்படுகின்றது. வீட்டிலும் கல்லூரியிலும் ஆங்கிலம் புழங்க வளர்ந்த நகரத்துப் பிள்ளைக்கு இது ஒரு படிக்கட்டு. வயற்கரைப் பிள்ளைக்கோ இது ஒரு மதில். அந்த மதிலுக்கு இனபேதம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விரிவுரை மண்டபத்தில் அவளுக்குப் பக்கத்தில் அமர்பவள் அனுராதபுரப் பகுதியைச் சேர்ந்த சிங்களக் கமக்காரர் ஒருவரின் மகளாம். ஆரம்பத்தில் இருவருக்கும் பொதுவாயிருந்தது விளங்காமை ஒன்றே. அந்தப் பொதுமையிலிருந்து ஒரு நட்பும் பிறந்திருக்கிறது. ஒருத்தி தவறவிட்ட வசனத்தை மற்றவள் எழுதி வைத்திருப்பாள்.

இதில் எமக்கொரு பழைய கடனும் உண்டு. நாம் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற காலத்தில், விடுதியில் எம்மோடு ஒரே அறையில் இருந்தவர் ஓர் இரசாயனவியல் மாணவர். இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, விரிவுரைக் குறிப்புகளைத் தமிழில் மாற்றி எழுதிப் படிப்பார். விளங்கிக்கொண்ட பின்னர், பரீட்சைக்காக அதே விடயத்தை ஆங்கிலத்தில் மனனம் செய்வார். நாமோ அவ்வேளையில் திணைக் கோட்பாட்டின் சமூக அடிப்படை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். தமிழ் எவ்வாறு வளர வேண்டும் என்று மேடையேறிப் பேசவும் செய்தோம். எமது கட்டிலிலிருந்து மூன்றடி தூரத்தில் ஒருவர் தம் உறக்கத்தைக் கொடுத்துத் தமிழை வளர்த்துக்கொண்டிருந்தார். அது எமது கண்ணிற் படவேயில்லை.

அந்த மாணவிக்கு உபதேசம் செய்ய எமக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு கதை சொன்னோம். பாடசாலையின் விஞ்ஞான தினத்திற் பேசுவதற்கென எமது பௌதிகவியல் ஆசிரியர் வாங்கித் தந்த நூல்களிலிருந்து அறிந்துகொண்டது அது. சத்யேந்திரநாத் போஸ் என்ற பேராசிரியரின் கதை.

போஸ் 1894இல் கல்கத்தாவிற் பிறந்தவர். பிரசிடென்சிக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் போன்றோரிடம் பயின்றவர். 1915இல் முதுமாணிப் பரீட்சையில் அவருக்கு முதலிடம். இரண்டாமிடம் பின்னாளிற் பெரும் வானியற்பௌதிகவியலாளராகப் புகழ்பெற்ற மேக்நாத் சாகாவுக்கு. விரைவிலேயே இருவரும் கல்கத்தாவின் விஞ்ஞானக் கல்லூரியில் விரிவுரையாளரானார்கள். முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஐரோப்பியச் சஞ்சிகைகள் அடிமை நாடொன்றுக்கு வந்துசேர்வது அரிது. வந்தாலும், புதிய பௌதிகத்தின் பெரும்பகுதி ஜேர்மன் மொழியில் இருந்தது. அவ்விளைஞர்கள் ஜேர்மன் கற்றார்கள். ஐன்ஸ்ரைனும் மின்கோவ்ஸ்கியும் எழுதிய சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1920இல் நூலாகவும் வெளியிட்டார்கள். மொழிபெயர்ப்பைக் கீழான தொழிலாகக் கருதும் எமது தமிழறிஞர் சிலர் இதனைக் கவனிப்பார்களாக.

1921இல் டாக்காவிற் புதிதாய்த் தோன்றிய பல்கலைக்கழகத்தில் போஸ் பௌதிகவியல் ரீடராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த வேலை, மாணவருக்குப் புதிய பௌதிகத்தைக் கற்பிப்பது. சூடான பொருள் ஒன்று எந்த நிறத்தில் எவ்வளவு சக்தியை வீசுகிறது என்பதற்கு மாக்ஸ் பிளாங்க் 1900இல் ஒரு சூத்திரம் தந்திருந்தார். சூத்திரம் பரிசோதனைக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. ஆனால் அதனை நிறுவும் வழி பாதி பழைய பௌதிகத்தையும் பாதி புதிய கொள்கையையும் கொண்டு ஒட்டுப்போட்டதாயிருந்தது. பழையதை மறுத்தெழுந்த முடிவுக்குப் பழையதையே சாட்சிக்கு அழைத்தால், வகுப்பிலுள்ள கெட்டிக்கார மாணவன் எழுந்து கேட்கமாட்டானா? ஐரோப்பாவின் மேதைகள் பலருக்கும் அந்த ஒட்டு உறுத்தியதுண்டு. டாக்காவின் ஆசிரியருக்கோ அது அன்றாடச் சங்கடம். மாணவர்முன் நின்று விளக்கவேண்டிய ஆசிரியன் என்ற முறையிலேயே அந்த முரண்பாடு தம் மனதிற் கிடந்து உழன்றது என்று அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

எமக்கு இந்தக் கதையில் மிக உவப்பான இடம் இதுவே. ஆராய்ச்சி உயர்ந்தது, கற்பித்தல் அதற்குக் கொடுக்கும் கூலி என்று எண்ணும் விரிவுரையாளர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆண்டுதோறும் அதே குறிப்புகளைத் திரையிற் காட்டி வாசித்துவிட்டு, முடிந்ததும் ஆய்வுகூடத்துக்குத் தப்பியோடுவோர் உளர். அவர்களை மட்டும் குறை கூறுவதும் நியாயமன்று. பதவி உயர்வுக்கு எண்ணப்படுவது பெரும்பாலும் கட்டுரைகளே. எத்தனை பிள்ளைகளுக்கு விளங்கிற்று என்பதை எண்ண எவரும் முன்வருவதில்லை. ஆனால் போசுக்கு ஆராய்ச்சி வகுப்பறைக்கு வெளியிலிருந்து வரவில்லை. மாணவருக்குப் பொய் சொல்லக்கூடாது என்ற கூச்சத்திலிருந்து வந்தது.

1924இல் சாகா டாக்கா வந்து தங்கியபோது நண்பர் இருவரும் இது குறித்து விவாதித்தார்கள். அதன் பின்னர் போஸ் கண்ட வழியை நாம் இரண்டு ஒரு ரூபாய்க் குற்றிகளை மேசையில் வைத்து அவளுக்குச் சொல்ல முயன்றோம். தமிழாசிரியர் பௌதிகம் சொல்வதைக் கேட்டு அவள் முகத்தில் அன்று முதன்முறையாகச் சிரிப்பு அரும்பியது. இரண்டு காசுகளைச் சுண்டினால் நான்கு விளைவுகள்: இரண்டும் தலை, இரண்டும் பூ, முதலாவது தலை இரண்டாவது பூ, முதலாவது பூ இரண்டாவது தலை. ஆகவே இரண்டும் தலையாக விழுவதற்கான நிகழ்தகவு நாலில் ஒன்று. இப்போது அவற்றை முதலாவது, இரண்டாவது என்று பிரித்தறியவே முடியாது என்று கொள்வோம். எஞ்சும் நிலைகள் மூன்றே: இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ. மூன்றும் சமம் என்றால் நாலிலொன்று மூன்றிலொன்றாகிவிடுகிறது. ஒளியின் சக்திச் சொட்டுக்களை போஸ் இவ்விரண்டாவது முறையிலேயே எண்ணினார். பிளாங்கின் சூத்திரம் பழைய பௌதிகத்தின் ஒட்டு எதுவுமின்றித் தானாகவே வந்து நின்றது. தாம் செய்தது அத்துணைப் புதிது என்பதைத் தாமே அப்போது உணர்ந்திருக்கவில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

1924ஆம் ஆண்டு யூன் 4ஆம் திகதி அவர் அக்கட்டுரையை ஐன்ஸ்ரைனுக்கு அனுப்பினார். தாம் முன்பின் அறியாதவரேனும், எழுத்தின் மூலம் யாவரும் தங்கள் மாணவரே என்ற உரிமையில் எழுதுவதாகக் குறிப்பிட்டு, தகுதியுடையதெனக் கண்டால் வெளியிட உதவுமாறு கேட்டிருந்தார். ஐன்ஸ்ரைன் அதனைத் தாமே ஜேர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டதோடு, அவ்வழியைப் பொருளணுக்களுக்கும் விரித்துத் தாமும் எழுதினார். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அணுக்கள் யாவும் ஒரே நிலையில் ஒன்றுதிரளும் என்ற அவ்வெதிர்வுகூறல் 1995இற்றான் ஆய்வுகூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு 2001இல் நோபல் பரிசும் கிடைத்தது. போசுக்கு அப்பரிசு என்றுமே கிடைக்கவில்லை. எனினும், இவ்வாறு எண்ணப்பட வேண்டிய துணிக்கைகள் யாவற்றுக்கும் டிராக் என்னும் ஆங்கிலப் பௌதிகவியலாளர் இட்ட 'போசோன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 2012இல் உலகெங்கும் பத்திரிகைகளின் முதற்பக்கத்தை நிறைத்த ஹிக்ஸ் துணிக்கையும் அவ்வகையைச் சேர்ந்ததே.

போஸ் ஐரோப்பா செல்லக் கல்வி விடுமுறை கேட்டிருந்தார். ஐன்ஸ்ரைன் எழுதிய அஞ்சலட்டை வந்து சேர்ந்ததும் எல்லாம் எளிதாயிற்று. ஜேர்மன் விசாவுக்கும் அந்த அட்டையே போதுமானதாயிருந்தது. தன் மண்ணிலேயே ஓர் ஆசிரியனின் தகுதியை நிலைநாட்டப் பேர்லினிலிருந்து ஒரு தபாலட்டை வரவேண்டியிருந்ததே என்று எண்ணும்போது எமக்குச் சினமே மூளுகிறது. ஐன்ஸ்ரைனின் பரிந்துரை பின்னரும் தேவைப்பட்டது. கலாநிதிப் பட்டம் இல்லாத அவர் 1927இல் டாக்காவிற் பேராசிரியரானமைக்கு அதுவும் துணைநின்றது.

பரிஸ் நகரில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னபோது அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள். போஸ் மேரி கியூரி அம்மையாரைச் சந்தித்து அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்ய இடம் கேட்டார். முன்னர் வந்த இந்திய மாணவரொருவர் மொழி தெரியாமற் பட்ட கஷ்டத்தை நினைவிற்கொண்டிருந்த அம்மையார், முதலிற் சில மாதங்கள் பிரெஞ்சு கற்றுக்கொண்டு வருமாறு கனிவோடு ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். போசுக்கோ ஏற்கனவே பிரெஞ்சு தெரியும். அம்மையாரின் பேச்சை இடைமறித்து அதனைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. பேசாமல் திரும்பிவிட்டார்.

"அவருக்குமே?" என்றாள். பிறகு சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சேர், அவர் டாக்காவிலை எந்த மொழியிலை படிப்பிச்சவர்?" என்று கேட்டாள்.

அன்று அங்கே கல்விமொழி ஆங்கிலமே என்றோம்.

"அப்ப இவ்வளவும் ஆங்கிலத்திலைதானே நடந்திருக்கு!"

கதை சொல்பவரை மடக்கும் கேள்வி இது. நாம் மெய்யாகவே தடுமாறினோம். அந்தக் கேள்விக்கு விடை போசின் பிற்கால வாழ்க்கையில் இருக்கிறது என்றே இன்று எண்ணுகிறோம்.

1926இல் ஐரோப்பாவிலிருந்து மீண்டவர் மேலும் பத்தொன்பது ஆண்டுகள் டாக்காவில் இருந்தார். பளிங்குகளை எக்ஸ் கதிரால் ஆராயும் கூடமொன்றை உருவாக்கினார். தேவையான கருவிகளை இயன்றவரை அங்கேயே செய்வித்தார். விஞ்ஞான பீடத்தின் பீடாதிபதியாகவும் கடமையாற்றினார். 1945இற் கல்கத்தா திரும்பி 1956வரை அங்கு பேராசிரியர். எழுதிய ஆய்வுக் கட்டுரைகளோ மிகச் சில. 1924இன் பின்னர் அவர் பெரிதாக எதனையும் சாதிக்கவில்லை என்று அலுத்துக்கொள்வோர் உண்டு. இக்கால அளவுகோலால் அளந்தால் அவருக்குப் பதவி உயர்வே கிடைத்திராது. ஆனால் தாகூர் தாம் எழுதிய ஒரேயொரு விஞ்ஞான நூலான 'விசுவ பரிசய'த்தை 1937இல் இந்த ஆசிரியருக்கே சமர்ப்பித்தார். 1948 சனவரியில் போஸ் வங்காள விஞ்ஞானப் பரிஷத்தை நிறுவி, 'ஞானமும் விஞ்ஞானமும்' எனப் பொருள்படும் வங்காள மாத சஞ்சிகையையும் தொடங்குவித்தார். வங்காளத்தில் விஞ்ஞானம் கற்பிக்க முடியாது என்போர் ஒன்றில் வங்காளம் அறியார், அல்லது விஞ்ஞானம் அறியார் என்று அவர் சொன்னதாக அங்கே ஒரு வாசகம் இன்றும் வழங்குகிறது. 1962இல் யப்பானுக்குச் சென்றபோது, அந்நாட்டு அறிஞர்கள் மிகக் கடினமான பௌதிகத்தையும் தம் மொழியிலேயே விவாதிப்பதைக் கண்டு வியந்து, அதனை நாடு திரும்பியும் எடுத்துரைத்தார்.

பிரெஞ்சும் ஜேர்மனும் கற்ற மனிதர் இவ்வாறு பேசியதிலேதான் பொருளிருக்கிறது. அவர் பிறமொழிகளை வெறுத்தவரல்லர். அறிவைக் கொண்டுவர அவற்றை ஏணியாக்கினார், கொண்டுவந்ததை ஊர்மொழியிற் பகிர்ந்தார். எமது பக்கத்தில் இவ்விரண்டாம் பாதி நின்றுபோய்விட்டது. ஆங்கிலமே வேண்டாம் என்று வீறுபேசுவோருடன் எமக்கு உடன்பாடில்லை. அப்படிப் பேசுவோர் தம் பிள்ளைகளை எங்கே படிக்க அனுப்புகிறார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

எமது மண்ணில் இம்முயற்சி புதியதுமன்று. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் 1860களில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1875இல் 'கெமிஸ்தம்' என்ற தமிழ் இரசாயன நூல் வெளியாயிற்று. 1950களிலும் 60களிலும் அரசாங்கத்தின் மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்றும் எமது பிள்ளைகள் வழங்கும் திணிவு, துணிக்கை, உந்தம் ஆகிய சொற்கள் அவ்வழி வந்தவை. 'குவாண்டம்' என்பதற்கு இந்நாட்டு உயர்தர வகுப்புகளில் வழங்கும் 'சொட்டு' என்ற சொல்லைப் பாருங்கள். சக்தி ஆறாக ஓடுவதில்லை, சொட்டுச் சொட்டாகவே வருகிறது என்ற கொள்கை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது. இதனைத் தேர்ந்தவர் யாராயினும் அவர் கவிஞர். பல்கலைக்கழகம் சென்றதும் எமது மாணவி அச்சொல்லைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆங்கிலச் சொல்லை ஏற்றுக்கொண்டாள். ஆனால் அது எதைச் சுட்டுகிறது என்பதை, தான் விட்டுவந்த சொல்லைக் கொண்டே உணர்ந்தாளாம். விரிவுரை முடிந்ததும் நடைபாதையில் வைத்து இரகசியம்போல் தமிழில் விளக்கும் இளம் உதவி விரிவுரையாளர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்றும் சொன்னாள். வரி கட்டாத சரக்கைப் போல் அறிவைக் கைமாற்ற வேண்டியிருப்பதை என்னென்பது! அவரும் ஒரே மண்டபத்தில் இருமொழிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இதற்கு எம்மிடம் ஆயத்தமான விடையில்லை. இரு மொழிகளிலும் குறிப்புகளாவது கொடுக்கலாம். சிறு குழுக்களாகப் பிரித்து அவரவர் மொழியில் விளக்கலாம். பணமும் ஆளும் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான்.

விடுமுறை முடியும்வரை சனிக்கிழமைகளில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அவளைக் கேட்டோம். பௌதிகவியல் ஆசிரியர் பின்வாங்கில் அமர்ந்திருந்தார். சொல்லுக்காக நாமும் உடனிருந்தோம். இரண்டாவது வாரம் அவள் போசின் காசுகளை எடுத்தாள். கடைசி வரிசைப் பையன் ஒருவன் தன் சட்டைப்பையிலிருந்து இரண்டு குற்றிகளை எடுத்துப் பலமுறை சுண்டிப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"அக்கா, மூண்டிலை ஒண்டு வரேல்லை. நாலிலை ஒண்டுதான் வருது."

எமக்கு வியர்த்துவிட்டது. பௌதிகவியல் ஆசிரியர் வாய் திறக்குமுன் அவள் அந்தக் காசுகளை வாங்கி, ஒன்றில் நகத்தாற் கீறுவதுபோற் பாவனை செய்து காட்டினாள்.

"காசிலை கீறலாம். இது உன்ரை, அது என்ரை எண்டு சொல்லலாம். கீறாட்டிலும், எது எங்கை விழுகுதெண்டு கண்ணாலை பாத்துக்கொண்டிருக்கலாம். அதாலை காசு நாலிலை ஒண்டுதான் தரும். ஒளிச்சொட்டிலை கீறேலாது. இது எது எண்டு கேக்கிறதுக்கே அதுக்குப் பேரில்லை."

பையன் திருப்தியடைந்தானோ தெரியாது. காசுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் கேள்வி சரியான கேள்வி என்று பௌதிகவியல் ஆசிரியர் பின்வாங்கிலிருந்து உரக்கச் சொன்னார்.

அவள் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போனாள். முதலாம் வருடப் பரீட்சையில் ஒரு பாடத்திற் சித்தியடையவில்லை. அதனை மீண்டும் எழுதுகிறாள். இப்போது ஒவ்வொரு வாரமும் தொலைபேசியிற் குறிப்பேட்டுப் பக்கங்களின் படங்களை அனுப்புகிறாள். பக்கத்தின் நடுவே கோடு. இடப்புறம் ஆங்கிலம், வலப்புறம் தமிழ், சில வரிகளில் ஓரமாகத் தோழியின் கையால் எழுதப்பட்ட சிங்களம். தமிழ் கிடைக்காத இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பாள். சென்ற வாரம் வந்த பக்கத்தில் மூன்று வட்டங்கள். இரண்டுக்குப் பழைய சொற்றொகுதியில் விடை இருந்தது. மூன்றாவதைப் பௌதிகவியல் ஆசிரியரும் நாமும் நான்கு நாட்களாக இடைவேளையில் தேநீர் ஆற ஆறத் தேடிக்கொண்டிருக்கிறோம்.